யாதவகிரியில் காலை உலா

இளவேனில் என்பது நம்மில் பலருக்குப் பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு சொல்லேயன்றி, கண்ணால் கண்ட காலம் அன்று. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளை ஆசிரியர் ஒப்பிக்கச் சொன்னார். நாமும் பிரம்புக்கு அஞ்சி ஒப்பித்தோம். ஆனால் நாம் பிறந்து வளர்ந்த விருதுநகர்க் கரிசல் பூமியில் மாசி முடிந்தால் வெயில். வெயில் முற்றினால் கத்தரி. இதில் இளமை ஏது, முதுமை ஏது? சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நூல்கள் கூறுவதை எங்கள் ஊர்க் கிழவர்களிடம் சொன்னால், சொன்னவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அச்சொல்லுக்குப் பொருள் இன்னதென்று நாம் அறிந்தது மைசூருக்கு வந்த பின்னர்; வந்த உடனேயும் அன்று, ஒரு நாயின் பின்னே விடியற்காலையில் நடக்கத் தொடங்கிய பின்னரே.

நாம் இவ்வூருக்கு வந்தது 2014ஆம் ஆண்டு. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள்தான் ஊரின் பெயர் அரசாணைப்படி ‘மைசூரு’ என்றாயிற்று. நம் வேலை இரயில்வேயில், பார்சல் ஆபீசில் எழுத்தர் பணி. சங்கத்து அன்பர்களில் அரசுப் பணியினர் பலர். அவர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. மாற்றல் கேட்டு மனுக் கொடுத்துவிட்டு, அது வரும் வரை அயலூரில் இருப்பது ஒருவகை வெயிட்டிங் ரூம் வாழ்க்கை. பெட்டியைப் பாதிதான் பிரிப்போம். சுவரில் ஆணி அடிக்கத் தயங்குவோம். அடுத்த வீட்டாரின் பெயர் தெரியாது. தெரிந்துகொள்வானேன், எப்படியும் போகப் போகிறோம் என்ற எண்ணம். இரண்டாண்டுகள் அவ்வாறே கழிந்தன. மைசூரில் நாம் கண்டவை குவார்ட்டர்சும் ஆபீசும் இடையிலுள்ள சாலையுமே. தசராவுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால் அரண்மனைக்கு அழைத்துப் போவோம், அவ்வளவே.

2016 பங்குனியில் பிளாட்பாரத்தின் கோடியில், பழைய சாக்குகளின் நடுவே, ஒரு நாய்க்குட்டி கிடந்தது. தாயைக் காணோம். செந்நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று. இராசபாளையமும் அன்று, சிப்பிப்பாறையும் அன்று; தெருநாய். ஒரு நாள் வைத்திருந்து யாரிடமேனும் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வந்தோம். இல்லத்தரசியார் முதலில் முகம் சுளித்தார். மாலையில் பால் காய்ச்சினார். மறுநாள் ‘மணி’ என்று பெயரும் வைத்தார். பெயர் வைத்த நாயை யார் பிறரிடம் கொடுப்பார்?

நாய் வந்தால் நடை வந்தே தீரும். காலை ஐந்தே முக்காலுக்கு அது வாசற்கதவைப் பிறாண்டும். நைட் டியூட்டி முடிந்து வந்த நாளாயினும் சரி, ஞாயிறாயினும் சரி, அதற்கு லீவு நாட்காட்டி கிடையாது. அவ்வாறு வேறு வழியின்றிப் புறப்பட்ட காலைகளில்தான் நாம் மைசூரைக் கண்டோம்.

இவ்வூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. ஆதலால் மார்ச்சு மாதத்தில் பகலில் வெயில் காய்ந்தாலும், விடியலில் தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். அந்நேரத்தில் யாதவகிரித் தெருக்களில் தரை மஞ்சளாய் இருக்கும். தபெபுயா என்னும் மரம் இலை முழுதும் உதிர்த்துவிட்டு, மொட்டைக் கிளைகளில் பொன்னிறப் பூக்களை மட்டும் சுமந்து நிற்கும்; இரவெல்லாம் பூ உதிர்ந்து, பெருக்குவார் வருமுன் சாலை ஒரு கம்பளம் போலக் கிடக்கும். அதன்பின் ஜகரந்தாவின் ஊதா. அரசமரம் செம்புத் தகடு போன்ற தளிர் விடும். புங்கு தன் பழுத்த இலைகளைக் கொட்டி, ஒரு வாரத்தில் கண்ணைக் கூசும் பசுமை பூண்டுவிடும். ஏப்ரலில் மயிற்கொன்றை தீப்பற்றினாற்போலச் சிவக்கும். இடையே ஒரு நாள் மாலையில் இடியுடன் மழை கொட்டும். அதை மாங்காய் மழை என்பர். மறுநாள் காலை மண் வாசனையை முகர்ந்து முகர்ந்து மணி ஓரடியும் நகராது நிற்கும். நாமும் நிற்க வேண்டியதுதான்.

இப்படி ஒன்றன்பின் ஒன்றாக மரங்கள் பூக்க வேண்டும் என்பது திட்டமிட்டுச் செய்த காரியம் என்பதைப் பின்னர் அறிந்தோம். பெங்களூர் லால்பாக்கில் பணியாற்றிய கிரும்பிகல் என்னும் ஜெர்மானியத் தோட்டக்கலை அறிஞர், ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு சாலையில் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்க வேண்டும் என்னும் கொள்கையுடன் மரங்களைத் தெரிந்தெடுத்தவர். மைசூர் சமஸ்தானத்துத் தோட்டங்களில் அவர் கைபட்டவை பல. ஜெர்மனியில் பிறந்த அவர் 1956இல் பெங்களூரிலேயே மறைந்தார். அவர் காலத்தில் பரவிய மரங்களும் பெரும்பாலும் அயலூரார்தாம். தபெபுயாவும் ஜகரந்தாவும் தென் அமெரிக்கா, மயிற்கொன்றை மடகாஸ்கர், நாம் தூங்குமூஞ்சி என்று அழைக்கும் மரமும் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்ததே. புங்கும் அரசும்தான் உள்ளூர்க் குடிகள்.

நாம் செல்லும் வழியைச் சொல்லுகிறோம். விரும்பும் அன்பர்கள் நடந்து பார்க்கலாம். குவார்ட்டர்சிலிருந்து புறப்பட்டு, கிருஷ்ணராஜசாகர் சாலையில் உள்ள இரயில் அருங்காட்சியகத்தின் மதிலோரமாகப் போவோம். 1979இல் திறக்கப்பட்டது அது. தில்லிக்கு அடுத்தபடி நாட்டில் இரண்டாவது. மகாராணியார் பயணம் செய்த சலூன் வண்டி அங்கே இருக்கின்றது. பழைய நீராவி எஞ்சின்களைக் கண்டால் மணி இன்றும் ஒரு முறை உறுமும். ஓடும் வண்டிகளுக்கு அது உறுமுவதில்லை. நிற்கும் எஞ்சின்மேல் மட்டும் ஏதோ ஐயம். அங்கிருந்து திரும்பி, வானொலி நிலையத்தின் பக்கமாக ஏறினால் விவேகானந்தர் சாலை. அங்கேதான் ஆர். கே. நாராயணின் வீடு.

நம் போன்றோர் அவ்வீட்டின் முன் சற்று நின்று செல்வதில் பொருள் உண்டு. நாராயண் 1906இல் சென்னையில் பிறந்தவர், தமிழ்க் குடும்பம். தந்தையார் மைசூரில் தலைமையாசிரியராகப் பணி ஏற்றமையால் குடும்பம் இங்கே வந்தது. தம்பி லட்சுமணன், கேலிச்சித்திரத்தில் நாடறிந்தவர், இவ்வூரிலேயே பிறந்தார். வேலையின் பொருட்டு அயலூர் வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதைதான் அது. நம் கதையும் அஃதே, புகழ் ஒன்று நீங்கலாக. நாராயண் நாள்தோறும் மைசூர்த் தெருக்களில் நெடுந்தொலைவு நடப்பார். கடைக்காரர், வக்கீல், மாணவர் என்று எதிர்ப்பட்டவருடன் நின்று பேசுவார். அப்பேச்சுகளிலிருந்துதான் மால்குடி மாந்தர் எழுந்தனர் என்பர். மால்குடி என்னும் ஊரை அவர் மனத்தில் கண்டபோது முதலில் தோன்றியது ஓர் இரயில் நிலையம் என்று அவரே எழுதியிருக்கின்றார். இரயில்வேக்காரராகிய நமக்கு இதனால் ஒரு சிறு பெருமை. தொலைக்காட்சித் தொடரில் மால்குடி நிலையமாக நடித்த அரசாளு என்னும் நிலையம் நம் மைசூர்க் கோட்டத்தைச் சேர்ந்ததே. சிவமொக்கா மாவட்டத்தில் உள்ளது.

நாய்களைப் பற்றியும் அவர் எழுதினார். ‘அட்டிலா’ என்னும் கதையில் ஒரு குடும்பம் காவலுக்கென்று ஒரு நாயை வாங்கும், அதுவோ எல்லோரிடமும் அன்பு கொண்டாடும், திருடனிடமும்! அவன்மேல் கொண்ட பாசத்தால் அவன் பின்னே ஓடி, அதனாலேயே அவன் பிடிபடக் காரணமாகும். மணியின் இயல்பும் ஏறக்குறைய அவ்வகையே. நாராயண் வாழ்ந்த வீட்டை இடிக்கத் தொடங்கியபோது ஊரார் எதிர்த்தனர். மாநகராட்சி அதனை ஏற்றுச் செப்பனிட்டு 2016இல் நினைவில்லமாகத் திறந்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதியவரின் இல்லத்தைக் காக்கக் குரல் கொடுத்தோர் இவ்வூர்க் கன்னட மக்கள் என்பதை நாம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து ஒண்டிக்கொப்பல் தொலைவில் இல்லை. கன்னடத்துக்கு முதல் ஞானபீடப் பரிசினை 1967ஆம் ஆண்டுக்குரியதாகப் பெற்றுத் தந்த குவெம்புவின் இல்லம், ‘உதயரவி’, அப்பக்கம். அவரும் காலை நடையர். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்தவர். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1864இல் வெட்டுவித்த ஏரி அது. சுற்றி வர ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கூழைக்கடாவும் நாரையும் நீர்க்காகமும் கூடும் இடமாகையால் அங்கே நாம் மணியை அழைத்துச் செல்வதில்லை. ஞாயிறு மாலைகளில் அதனை வீட்டில் விட்டுவிட்டுக் குழந்தையுடன் மட்டும் போவோம். திரும்பி வந்ததும் மணி நம் செருப்புகளை முகர்ந்து, போன இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு பார்வை பார்க்கும்.

மணி பிறப்பால் மைசூரான்; பேச்சால் தமிழன். வீட்டில் ‘வா’, ‘உட்கார்’, ‘பேசாமல் இரு’ என்றே கேட்டு வளர்ந்தது. தெருவிலோ எல்லோரும் ‘பா’ என்று அழைப்பார்கள். நம் வகரம் கன்னடத்தில் பகரமாவதை நாம் மொழிநூல் படித்து அறியவில்லை. நாயுடன் நடந்து அறிந்தோம். வேம்பு பேவு ஆகும். வேண்டும் என்பது பேக்கு ஆகும். நம் பகரமோ ஹகரமாகும்: பால் ஹாலு, பூ ஹூவு, பள்ளி ஹள்ளி. இவ்விரண்டையும் பிடித்துக்கொண்டால் பாதிக் கன்னடம் வந்தாற்போலத்தான். நாம் ஆறு மாதத்தில் கற்றதை மணி ஆறு நாளில் கற்றது. யுகாதியன்று பக்கத்து வீட்டார் பேவு-பெல்லம் கொண்டுவந்து தருவர், வேப்பம்பூவும் வெல்லமும். சில நாள் கழித்துச் சித்திரை முதல் நாளில் நாம் வேப்பம்பூப் பச்சடி கொண்டுபோய்க் கொடுப்போம். இரண்டுக்கும் பூ பறித்தது ஒரே மரத்தில். எங்கள் தெருக்கோடியில் நிற்கின்றது.

இனி அந்தச் செப்டம்பரைச் சொல்ல வேண்டும்.

2016 செப்டம்பர் 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் காவிரி நீர் திறந்துவிட ஆணையிட்டது. 12ஆம் நாள் பெங்களூரில் கலவரம். தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. கண்ணம்பாடி அணை மைசூருக்கு மிக அருகில் இருக்கின்றது. ஊரில் இறுக்கம் இல்லாமல் போகுமா? 1991 டிசம்பரை நினைவில் வைத்திருந்த மூத்த அன்பர்கள், வெளியே தமிழில் பேசவேண்டாம் என்று போன் செய்து சொன்னார்கள். ஊரிலிருந்து அம்மா நாள்தோறும் அழுதார். நம்மைப் பார்த்து ஒருவரும் ஒரு தீச்சொல் சொல்லவில்லை. ஆயினும் அச்சம் காரணம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அப்போது மணிக்கு ஏழு மாதம். கதவைப் பிறாண்டியது. நாம் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. தெருவில் அது கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடினால், ‘டேய் மணி, வாடா’ என்று கத்தவேண்டி வரும். அந்தக் குரலைத் தெருவில் எழுப்ப நமக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டும் ஓசை. எதிர்வரிசையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். தெருவில் எல்லோரும் அவரை ‘மேஷ்ட்ரு’ என்றுதான் அழைப்பர். அதுவரை அவருடன் ‘காஃபி ஆயித்தா?’ என்பதற்கு மேல் நாம் பேசியதில்லை. “நாயி நடீபேகல்வா சுவாமி, பன்னி” என்றார். நாய் நடக்கவேண்டும் அல்லவா, வாருங்கள் என்று பொருள். அரசியல் ஒன்றும் பேசவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கயிற்றைத் தாமே வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார். வழியெல்லாம் உரத்த குரலில் நம்முடன் கன்னடத்தில் பேசிக்கொண்டே வந்தார்: புங்க விதையின் எண்ணெய், தம் பழைய மாணவர்கள், மூட்டுவலி. நாம் அரைகுறைக் கன்னடத்தில் ‘ஹௌது, ஹௌது’ என்றோம். பால்பூத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். மேஷ்ட்ரு அவர்களுக்கும் வணக்கம் சொன்னார். எட்டு நாள் இவ்வாறு வந்தார். ஒன்பதாம் நாள் ஊர் அடங்கிவிட்டது. ஆயினும் அவர் வருவதை நிறுத்தவில்லை. பத்தாவது நாளோ பதினொன்றாவது நாளோ, மணி ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு ஓடிற்று. நாம் வாய் திறக்குமுன் மேஷ்ட்ரு கூவினார்: “டேய் மணி, வாடா!” தமிழில்தான்.

நாய் வளர்க்கும் அன்பர்களுக்கு இடையே ஒரு சொல். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போடுங்கள். வழியில் எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சள் பூசுவதும் சுண்ணாம்பு தடவுவதும் வேண்டா. நோயின் குறிகள் தோன்றிய பின் காப்பாற்ற வழியில்லை. தோன்றுமுன் ஊசி உண்டு. பாஸ்டர் 1885இல் கண்ட வழி இது.

நாயை இகழ்ச்சிச் சொல்லாகப் பேசும் நம் வழக்கத்தை மேஷ்ட்ரு ஒருநாள் கேலி செய்தார். அப்போதுதான் ஆதகூர்க் கல்லைப் பற்றிச் சொன்னார். நம் மைசூர்–பெங்களூர் இருப்புப்பாதையில் உள்ள மத்தூர் வட்டத்தில் ஆதகூர் என்றோர் ஊர். 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான் என்று நாம் படித்திருக்கின்றோம். எதிரே நின்றவர்கள் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும், கங்க மன்னன் பூதுகனும். அப்போரில் வென்ற பக்கத்தில் மணலரன் என்றொரு வீரன் இருந்தான். அவன் வீரத்தை மெச்சிய அரசன், வேண்டுவது கேள் என்றான். ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை, காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டான். அந்நாய் பின்னர் ஒரு காட்டுப்பன்றியுடன் பொருது, பன்றியைக் கொன்று தானும் மாண்டது. மணலரன் கோயில் முன்னே அதற்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விடுவித்தான். நாயும் பன்றியும் பொருதும் காட்சி செதுக்கிய அக்கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

நாமும் விடவில்லை; எங்கள் நாட்டிலும் உண்டு என்றோம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கின்றது. எருமை நிரையைக் காத்து மாண்ட கருந்தேவகத்தி என்னும் வீரனின் கல் அது. அவனருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கின்றது. அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று பெயருடன் எழுத்தில் பொறித்திருக்கின்றார்கள். எங்கள் நாய் உங்கள் நாய்க்கு முந்நூறு ஆண்டு மூத்தது என்றோம். மேஷ்ட்ரு சிரித்து, “சரி, ஒப்பிதே” என்றார், ஒப்புக்கொண்டேன் என்று. தக்கோலம் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு நிலையம்; செங்கற்பட்டு செல்லும் பாதையில் வரும். ஆயிரம் ஆண்டுக்கு முன் அடித்துக்கொண்ட இரு நாட்டாரும் இன்று ஒரு நாயின் கயிற்றை மாற்றி மாற்றிப் பிடித்து நடக்கின்றோம்.

இவ்வளவும் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2014இல் கொடுத்த மாற்றல் மனு இந்த மாசியில் உயிர்பெற்றது. மதுரைக் கோட்டத்தில் இடம் இருக்கின்றது. சம்மதமா என்று எழுதிக் கேட்டிருக்கின்றார்கள். சொந்த விருப்பத்தின்பேரில் செல்பவனுக்கு அங்கே சீனியாரிட்டி கடைசியிலிருந்து தொடங்கும். அது பெரிதன்று, அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிற்று, கண் மங்குகிறது. பத்தாண்டாகக் காத்திருந்த காகிதம். கையில் வந்ததும் துள்ளிக் குதிப்போம் என்று எண்ணியிருந்தோம்.

குழந்தை இங்கே பிறந்தவள். கன்னடத்தில் எண்ணுகிறாள், தமிழில் அழுகிறாள். அவளுக்கு ஊர் மாற்றம் பழகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மணிக்குத்தான் வயது பத்து. நாயின் வயதில் அது முதுமை. நாம் ஊர் திரும்பினால் நம் வீட்டில் அயலூர் போகிறவர்கள் அவர்கள் இருவருமே. விருதுநகரில் மே மாத வெயிலில் காலை ஏழு மணிக்கே தார்ச்சாலை கால் சுடும்.

நாயை இரயிலில் அனுப்பும் விதி நமக்குத் தலைகீழ்ப் பாடம்; எத்தனையோ பேருக்கு நாமே சீட்டு எழுதியிருக்கின்றோம். முதல் வகுப்பில் கூப்பே முழுவதையும் எடுத்தால் உடன் வைத்துக்கொள்ளலாம். ஸ்லீப்பரிலும் மற்ற ஏசி வகுப்புகளிலும் அனுமதி இல்லை. இல்லையெனில் கார்டு வண்டியில் உள்ள நாய்க்கூண்டு. முன்னதாகப் பார்சல் ஆபீசில் பதிய வேண்டும். தடுப்பூசிச் சான்று வேண்டும். நிலையம்தோறும் இறங்கித் தண்ணீர் காட்டுவது உடையவன் பொறுப்பு. சென்ற வாரம் தூத்துக்குடி வண்டி நின்றிருந்தபோது அக்கூண்டை மறுமுறை பார்த்தோம். மணி அதில் நிற்கலாம், சுருண்டு படுக்கலாம். இரவு முழுதும் இருட்டும் சத்தமும்.

மேஷ்ட்ருவிடம் சொன்னோம். சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பின், மணி தம்மிடம் இருக்கலாம் என்றார். அடுத்த அடியிலேயே, தமக்கு எழுபத்தெட்டு வயது என்றும் நினைவூட்டினார். இல்லத்தரசியார், நாயை விட்டு வருவதானால் தாமும் வரவில்லை என்கிறார். அம்மாவிடம் போனில் கேட்டோம். “கட்டிப்போட வேப்பமரம் இருக்கு, கூட்டிட்டு வா” என்றார், பின், “கறி தின்னுமா?” என்று கேட்டார்.

சம்மதக் கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கின்றது; அனுப்ப இன்னும் பன்னிரண்டு நாள் உண்டு. யாதவகிரியில் தபெபுயா உதிர்ந்து முடிந்தது. புங்கு தளிர்விட்டுவிட்டது. மணி இப்போது ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறுகிறது. மேஷ்ட்ருவும் அவ்விரண்டு இடத்திலேயே நிற்கிறார்.